வாசலில் ஒரு தலையசைப்பு

வேலை முடியும் முன்பே தோல்பட்டறையின் இயந்திரங்களை நிறுத்திவிட்டு ஓடோடி வந்து, இந்தத் தலைமை நாற்காலியை அலங்கரித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர், அண்ணன் ஷேக் பரீத் அவர்களே! அறிவை ஊட்டி, அன்பைக் கூட்டி, எங்கள் பிள்ளைகளை ஆளாக்கிக்கொண்டிருக்கும் ஆசிரியப் பெருமக்களே! பாண்டுப்பிலிருந்தும் காட்கோபரிலிருந்தும் ரயிலில் நின்றுகொண்டே வந்து, இங்கும் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே இருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! அணைத்திருப்பீர்கள், நிம்மதியாக உட்காருங்கள். நாளைய உலகின் நாயகர்களாகிய மாணவச் செல்வங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம், என் சலாம்.

நான் தங்கமயில். குர்லாவில் பை தைக்கிற பட்டறைகளுக்கு ஜிப்பும் பக்கிளும் விற்கிறவள். இந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒருவனுக்குத் தாய். மைக்கைக் கொடுத்தால் இவள் திருப்பித் தரமாட்டாள் என்று என்மேல் ஒரு புகார் உண்டு. தலைவர் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் அண்ணே, உங்கள் கடிகாரம், உங்கள் கை.

இன்றைக்கு நாம் கூடியிருப்பது ஒரே ஒரு அறைக்காக. நம் பள்ளியில் மாடிப்படிக்குக் கீழே, நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவருக்கு மூச்சு முட்டுகிற ஓர் அறை. போர் நடந்த மாதங்களில், மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மனத்துணையாக இருக்கட்டும் என்று அதைத் திறந்தோம். போர் நின்றுவிட்டது. இனிமேல் அந்த அறை எதற்கு, கிரிக்கெட் மட்டைகளையும் கேரம் பலகைகளையும் அங்கே அடுக்கலாமே என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. நான் பேசி முடித்ததும் கை தூக்கச் சொல்லித் தலைவர் கேட்பார். அதற்கு முன்னால் அந்த அறையின் கதையைச் சொல்ல எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். அரங்கின் கடைசியில், கதவை ஒட்டி ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். பெயர் ஜோயா. ஒன்பதாம் வகுப்பு. அவள் கையில் ஒரு கைபேசி இருக்கிறது. அது அவளுடையது அல்ல. பாவம் பிள்ளை நிற்கிறதே என்று இரக்கப்பட்டு யாரும் அவளை இழுத்து உட்காரவைக்க வேண்டாம். அவள் அங்கே நிற்க வேண்டும் என்று விரும்பித்தான் நிற்கிறாள். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

யாருடைய போன் அடிக்கிறது? அணைக்காதீர்கள் அண்ணாச்சி. உங்களைத்தான், மூன்றாவது வரிசை, நீலச் சட்டை. கூச்சப்படாமல் வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். போனை அணைக்கச் சொல்லி இந்தப் பள்ளி பட்ட பாடு போதும். என் கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போர் எங்கே நடந்தது? தாராவியில் நடந்ததா? மாட்டுங்காவில் மூண்டதா? செம்பூரில் குண்டு விழுந்ததா? இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், வளைகுடா நாடுகளில் நடந்தது. ஆனால் நம் வீடுகளின் கதவைத் திறந்து பாருங்கள். எந்த வீட்டில் அப்பா இங்கே இருக்கிறார்? ஒரு வீட்டில் வாப்பா வெல்டர். ஒரு வீட்டில் அண்ணன் டிரைவர். ஒரு வீட்டில் மாமா கப்பலில். அங்கே துறைமுகம் எரிந்தால் இங்கே தூக்கம் எரிந்தது. அங்கே வானம் வெடித்தால் இங்கே அடுப்பு அணைந்தது. கல்யாண ஊர்வலம் ஒன்று நம் பள்ளியைத் தாண்டிப் போனபோது பட்டாசு போட்டார்கள். ஆறாம் வகுப்பில் பாதிப்பேர் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள். நேரில் குண்டைக் கண்ட பிள்ளை அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் போனில் பார்த்தது.

போனில் பார்த்தது என்றால் கொஞ்சமா பார்த்தார்கள்? இடைவேளைக்கு ஒரு காணொளி, சாப்பாட்டுக்கு ஒரு காணொளி. உண்மையும் அதில் இருந்தது, புளுகும் இருந்தது. பழைய தீவிபத்தைப் புதிய குண்டுவீச்சு என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து அழுத பிள்ளைகள் உண்டு. ஆகவே பள்ளியில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். காலையில் வாசலிலேயே எல்லாக் கைபேசியையும் வாங்கி, அணைத்து, ஆபீஸ் வராந்தாவில் இருக்கும் இரும்பு பீரோவில் பூட்டிவிடுவது. பிள்ளைகளுக்கு மட்டும் சட்டம் போட்டால் நியாயமா? எங்களுடைய போனும் அங்கேயே இருக்கட்டும் என்று ஆசிரியர்களும் கொண்டுவந்து வைத்தார்கள். நாம் எல்லோரும் கைதட்டினோம். நல்ல எண்ணத்தில் செய்த காரியம். கைதட்டத்தான் வேண்டும்.

பலனும் இருந்தது. காணொளி நின்றது. புரளி குறைந்தது. ஆனால் ஜோயா மட்டும் கெட்டுப்போனாள்.

கெட்டுப்போனாள் என்று நான் சொல்லவில்லை, அப்போது அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை. திடீரென்று காலை முதல் மணியிலேயே வெளியே போக அனுமதி கேட்பாள். போனால் திரும்பமாட்டாள். தேடிப் போனால் பீரோவின் பக்கத்தில் நிற்பாள். வயிற்றுக் கோளாறா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றாள். அப்புறம் சந்தேகம் வேறு பக்கம் போனது. பூட்டிய பீரோவின் பக்கத்தில் ஒரு பிள்ளை தினமும் நின்றால் மனிதர்கள் என்ன நினைப்பார்கள்? அதைத்தான் நினைத்தார்கள். அவளுடைய உம்மா நஸீராவைக் கூப்பிட்டு, உங்கள் பெண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வகுப்பின் ஆசிரியை விஜயராணி டீச்சர். இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவரைத் தெரியாதவர் இங்கே யாராவது உண்டா? குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனைக்கூட, தட்டி எழுப்பினால் திடுக்கிட்டுவிடுவானே என்று பாடத்தை மெதுவாக நடத்துகிறவர். அப்படிப்பட்டவர் ஜோயாவிடம் மட்டும் கடுகடுத்தார். அந்தப் பீரோப் பக்கம் உன்னை இனிமேல் பார்க்கக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும் என்றார். ஆகவே சொல்கிறேன்.

மறுநாளும் ஜோயா பீரோவின் பக்கத்தில் நின்றாள். டீச்சர் போய்க் கையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பிள்ளை பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அப்படி என்னதான் இருக்கிறது இதற்குள்ளே என்று டீச்சர் கேட்டார். அப்போதுதான் ஜோயா வாயைத் திறந்தாள்.

“வாப்பா காலையில ஒரு ரிங் விடுவாக டீச்சர். எடுக்கப்படாது. ஒரு ரிங்ல வச்சிட்டாகன்னா ராத்திரி நல்லபடியா கழிஞ்சிச்சுன்னு அர்த்தம்.”

தாய்மார்களுக்குப் புரிந்திருக்கும். நம் வீடுகளில் இது புதிதா? மிஸ்டு காலில் குடும்பம் நடத்திய கூட்டம்தானே நாம்? ஒரு ரிங் என்றால் நலம். விடாமல் அடித்தால் ஏதோ விஷயம், எடு. ஜோயாவின் வாப்பா ஜமால், அங்கே கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வெல்டர். குண்டு விழுந்ததெல்லாம் இரவில். இங்கே நம் பள்ளி மணி அடிக்கிற நேரம்தான் அங்கே விடிகிற நேரம். விடிந்ததும் அவர் செய்கிற முதல் வேலை அந்த ஒரு ரிங். நஸீரா மசாலா அரைத்துப் பொட்டலம் போடுகிற பட்டறையில் வேலை செய்கிறவர். இயந்திரத்தின் பக்கத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே வீட்டில் இருக்கும் ஒரே போனைப் பிள்ளை தன் பையில் வைத்துக் கொண்டுவருவாள். ரிங் வரும், பை அதிரும். அவ்வளவுதான், அன்றைய பொழுது விடிந்துவிடும்.

அந்த போனைத்தான் நாம் வாங்கி, அணைத்து, பூட்டிவைத்தோம். இங்கே மகளுக்கு ரிங் வரவில்லை. அங்கே வாப்பாவுக்கு, அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று குரல் வந்தது. வீட்டில் என்ன ஆனதோ என்று அவர் அங்கே தவித்திருக்கிறார். சாயங்காலம் பேசிக்கொள்ளலாமே என்று கேட்கிறீர்கள். பேசிக்கொண்டார்கள். ஆனால் வாப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு பிள்ளை கணக்குப் போட வேண்டும், வரைபடம் வரைய வேண்டும், வரிசையில் நின்று பாட வேண்டும் என்றால், அதை உங்களால் செய்ய முடியுமா? என்னால் முடியாது.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டார். டீச்சர்மாரும்தானே வச்சிருக்காக, எனக்கு மட்டும் எப்படிக் கேட்க என்று சொல்லியிருக்கிறாள். நியாயம் என்று நினைத்து நாம் செய்ததுதான் அவள் வாயைக் கட்டியிருந்தது.

அதைக் கேட்டதும் விஜயராணி டீச்சர் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்துகொண்டு சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

“ஜோயா, என் போனும் இதுக்குள்ளதான் இருக்கு.”

அவருடைய கணவர் ரமேஷ்குமார் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் ஃபிட்டர். அதே கடலில், அதே நாட்களில், அந்தக் கப்பலும் நின்றது. சிக்னல் கிடைக்கும்போது ஓ.கே. என்று ஒரே வார்த்தை அனுப்புவார். பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று டீச்சர் அந்த வார்த்தையைப் பூட்டிவைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். ஒரே அறையில் இரண்டு பேர். ஒருத்தி கரும்பலகைக்கு முன்னால், ஒருத்தி பெஞ்சில். இரண்டு பேருடைய காதும் வராந்தாவில் இருக்கிற ஒரே பீரோவில். பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று டீச்சர் மறைக்கிறார். டீச்சர் கோபித்துக்கொள்வார் என்று பிள்ளை மறைக்கிறாள். டீச்சர் ஜோயாவிடம் ஏன் அத்தனை கடுமையாக இருந்தார் என்பது இப்போது விளங்குகிறதா? அந்தப் பீரோவை அவராலேயே பார்க்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிற பிள்ளையை மட்டும் எப்படித் தாங்குவார்?

செம்பூரிலிருந்து வந்தனா என்று ஒரு பெண்ணைப் பள்ளிக்கு அழைத்து வந்தது அதற்குப் பிறகுதான். மனநல ஆலோசகர். மராத்திப் பெண். தமிழில் அவருக்குத் தெரிந்தது வணக்கமும் சாம்பாரும் மட்டும். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஏதோ சொல்லிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் நேரே ஆசிரியர் அறைக்குப் போய், கைசே ஹோ, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். பசங்க எல்லாரும் நல்லா இருக்காங்க மேடம் என்றார் ஒருவர். பசங்களை நான் கேட்கவில்லை, உங்களைக் கேட்கிறேன் என்றார் வந்தனா. இன்னொருவர், டீ சொல்லட்டுமா மேடம் என்றார். சிரிக்காதீர்கள். எத்தனை வருடமாக இந்தப் பள்ளியில் வேலை செய்கிறார்கள்! அந்தக் கேள்வியை அவர்களிடம் நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? என் பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்போம். மார்க் ஏன் குறைந்தது என்று கேட்போம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதே இல்லை. மூன்றாம் முறை வந்தனா கேட்டபோது விஜயராணி டீச்சர்தான் முதலில் பேசினார். பேசி முடிக்க வெகுநேரம் ஆனது.

அந்த அறை அப்படித்தான் பிறந்தது. சட்டத்தை எடுத்துவிடவில்லை. காணொளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் போர் நடக்கிற பக்கம் சொந்தக்காரர் இருக்கிற பிள்ளைகளின் போனும் ஆசிரியர்களின் போனும் மட்டும் அணைக்கப்படாமல், பெயர் ஒட்டி, மாடிப்படி அறையின் மேசைமேல் இருக்கும். பெற்றோரில் ஒருவர் முறை வைத்து அங்கே உட்கார்ந்திருப்பார். ரிங் வந்தால் எடுக்கக் கூடாது. எழுந்துபோய் அந்த வகுப்பின் வாசலில் நின்று தலையை அசைக்க வேண்டும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். பாடம் நடந்துகொண்டே இருக்கும். வந்தனா வருகிற நாட்களில், மனசு தாங்காதவர்கள் அங்கே போய் உட்கார்ந்து பேசலாம், அழலாம், சும்மாவும் இருக்கலாம். கூலி இல்லாத வேலை, கௌரவமான வேலை. நம் தலைவரும் உட்கார்ந்திருக்கிறார். தலைவர் தலையை அசைத்தால் பிள்ளைகள் கொஞ்சம் பயந்துவிடுவார்கள், மீசை அப்படி. ஆனாலும் அசைத்தார்.

வந்தனா எங்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். பொய் சொல்லக் கூடாது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லக் கூடாது. தெரிந்ததைச் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், ஆனால் வாசலுக்குப் போகாமல் மட்டும் இருக்காதே என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. சும்மா போய் நின்று என்ன பிரயோஜனம் என்று நினைத்தேன். வியாபாரி இல்லையா, வெறுங்கையோடு ஒரு வாசலுக்குப் போய்ப் பழக்கம் கிடையாது.

அப்புறம் ஒரு வாரம் வந்தது. ஜமால் இருந்த துறைமுகத்தில் பெரிய அடி. ரிங் இல்லை. சாயங்காலமும் இல்லை. மறுநாளும் இல்லை. என் முறை வந்த அன்று, மேசைமேல் இருந்த அந்த போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நேரம் தாண்டியது. எழுந்தேன். வாசலுக்குப் போனேன். ஜோயா என்னைப் பார்த்தாள். கரும்பலகைப் பக்கமிருந்து டீச்சர் பார்த்தார். வகுப்பே பார்த்தது. என் தலை என்னையறியாமல் அசையப் பார்த்தது. ஒரு சின்ன அசைப்பு போதும், அந்த முகம் மலர்ந்துவிடும். ஒரே ஒரு பொய். யாருக்கு நஷ்டம்? ஆனால் நாளைக்கு உண்மையாகவே நான் தலையசைத்தால் அதை அவள் நம்புவாளா? நான் அசைக்கவில்லை.

“இன்னும் வரல கண்ணு. நான் அங்கனயேதான் உக்காந்திருக்கேன்” என்றேன்.

“சரி ஆன்ட்டி” என்றாள். சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

தோழர்களே, தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். செய்தி மாறியதா? மாறவில்லை. பயம் போனதா? போகவில்லை. பீரோவின் கைப்பிடியை விடமாட்டேன் என்று நின்ற அதே பிள்ளை, அதைவிட மோசமான நாளில், பேனாவை எடுத்து எழுதினாள். ஏன்? தன் காதை நம்பிக்கையான ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பெயர்தான் மனத்துணை. அதற்குமேல் அதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை.

வந்ததா, வரவில்லையா என்று பின்வரிசையில் கேட்கிறீர்கள். வந்தது. தெரியாத எண்ணிலிருந்து ஒரு ரிங், உடனே நின்றது. மசாலாப் பட்டறைக்குப் போகிற நஸீராவால் அறையில் முறை உட்கார முடியாது, அன்றும் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் போய், தெரியாத நம்பர், ஒரே ரிங், யாரென்று தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். வேற யாரு ஆன்ட்டி ஒரு ரிங்லயே வைப்பாக என்று ஜோயா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தங்குமிடத்தை மாற்றியபோது ஜமாலின் போன் தொலைந்திருக்கிறது. யாரிடமோ கடன் வாங்கி அடித்திருக்கிறார். இன்றைக்கும் அங்கேயே வேலையில் இருக்கிறார்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். போர் நின்றுவிட்டது, அறை எதற்கு? ஜூலை மழையில் நம் சந்துக்குள் தண்ணீர் ஏறும்போது சாமானை மேலே தூக்கிவைப்போம், பிள்ளையைத் தோளில் வைப்போம், வேறு எதையும் பார்க்கமாட்டோம். தண்ணீர் வடிந்த பிறகுதான் சுவர் முழுக்க ஈரம் தெரியும். போர் நடந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் நடத்திய ஆசிரியர்கள் இப்போதுதான் தூக்கம் வரவில்லை என்கிறார்கள். அப்போது துள்ளித் திரிந்த பையன்கள் இப்போதுதான் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறார்கள். வந்தனாவைத் தேடி வருகிறவர்கள் போர் நின்ற பிறகு கூடியிருக்கிறார்களே தவிர, குறையவில்லை. பிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்களான ஆசிரியர்களுக்கு எதற்கு என்று ஓர் அண்ணன் கேட்டார். பயத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறவர் கையில்தான் அண்ணே, உங்கள் பிள்ளையை நாள் முழுவதும் ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போகிறீர்கள். அதனால்தான்.

கதவருகே நிற்கிற ஜோயாவை ஏன் உட்காரச் சொல்ல வேண்டாம் என்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரமேஷ்குமார் மறுபடியும் கப்பல் ஏறிவிட்டார். இன்று மாலை அந்தக் கப்பல் போர் நடந்த அந்தக் கடலின் குறுகிய வழியைக் கடக்கிறது. போர் நின்றுவிட்டது என்று செய்தித்தாள் சொல்கிறது. கடலில் மிதந்து கிடக்கிற வெடிகள் செய்தித்தாள் படிக்குமா? கடந்தவுடன் ஓ.கே. என்று அனுப்புவார். டீச்சர் கூட்டத்துக்கு வருவதா, வீட்டில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பதா என்று தயங்கியிருக்கிறார். ஜோயாதான் போய்க் கையை நீட்டியிருக்கிறாள்.

“குடுங்க டீச்சர். நான் பாத்துக்கிடுதேன். நீங்க முன்னால போய் உக்காருங்க.”

அவள் கையில் இருப்பது டீச்சரின் போன். நீங்கள் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தலைவரையும் என்னையும் தவிர இந்த அரங்கில் கதவைப் பார்க்க முடிந்தவர் யாரும் இல்லை. பேச ஆரம்பித்ததிலிருந்து பார்த்துக்கொண்டேதான் பேசுகிறேன். ஜோயா, என்னம்மா? இன்னும் இல்லை என்கிறாள். டீச்சர், திரும்பிப் பாருங்கள். பிள்ளை உங்களுக்குத்தான் சொல்கிறாள், இன்னும் வரவில்லை.

வரும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது என்று அந்த அறையில்தான் கற்றுக்கொண்டேன்.

தலைவர் அவர்களே, கை தூக்கச் சொல்ல வேண்டாம். கை தூக்குவது எளிது. பொங்கல் விழாவுக்கு வசூல் என்றாலும் தூக்குவோம், பிறகு வசூலுக்கு வந்தால் கடைப் பக்கம் ஆளையே காணோம். நான் வேறு ஒன்று கேட்கிறேன். பேச்சு இத்தோடு முடிகிறது. அந்தக் குறுகிய கடலைக் கப்பல் கடக்கும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்க முடிந்தவர்கள் இருங்கள். கீழே டீ போட்டிருக்கிறார்கள். ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் தாராளமாகப் போங்கள், ஒரு வருத்தமும் இல்லை. யார் யார் இருக்கிறார்கள் என்று மேடையிலிருந்து தலைவரே பார்த்துக்கொள்ளட்டும். அந்த அறை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அதுவே வாக்கு.

ஒருவர்கூட நகரவில்லையே? நீலச் சட்டை அண்ணாச்சியும் பேசி முடித்துத் திரும்பி வந்துவிட்டார். நான் இதை எதிர்பார்க்கவில்லை. என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், இத்தனை நேரம் பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், பொய் சொல்லக் கூடாது என்று எங்களைக் கட்டிப்போட்ட வந்தனாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கதவருகே நிற்கிற பிள்ளைக்கு என் தனி வணக்கம். அதோ, டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்து, சரி, நீ பார்த்துக்கொள் என்று தலையை அசைக்கிறார். நானும் இறங்கிவந்து உங்களோடு உட்கார்ந்துகொள்கிறேன்.